நிற்பதும் பாரம்தான்

என் மகள் பாரம் சுமக்கிறாள் என்று அந்த இயந்திரம் எட்டாவது தடவையாகச் சொன்னது.

பாரம் என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விருதுநகர் கிட்டங்கிகளில் இருபத்தொன்பது வருசமாக மூட்டை தூக்குகிறேன். ஆள் இல்லாமல் ஓடுகிற லாரி வந்துவிட்டது. மூட்டையைக் கவ்வி அடுக்குகிற இரும்புக் கையும் வந்துவிட்டது. பழைய கிட்டங்கிச் சந்துகளில் அந்தக் கை திரும்பாது என்பதால் நாங்கள் இன்னும் மிச்சம் இருக்கிறோம். உளுந்து மூட்டை தோளில் விழும்போதே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவேன். என் மகள் மாரீஸ்வரிக்குப் பதின்மூன்று வயது. அவள் கடைசியாகத் தூக்கிய கனமான பொருள் பள்ளிக்கூடப் பை. அதையும் ஒன்றரை வருசத்துக்கு முன்பே இறக்கி வைத்துவிட்டாள்.

போனில் வந்த செய்தி இதுதான். ‘பயனாளி மாரீஸ்வரி. இடது இடுப்பு மூட்டில் அனுமதிக்கப்படாத பாரம். எட்டாவது சிவப்பு. ஒன்பதாவது சிவப்பில் மருந்து நிறுத்தப்படும். வியாழக்கிழமை அலுவலரைச் சந்தித்து விளக்கம் அளிக்கவும்.’

தேதி இல்லை. நேரம் இல்லை. எந்தச் செய்தியிலும் இருந்ததில்லை. குற்றம் மட்டும் இருந்தது.

“எட்டா?” என்றாள் என் மனைவி அழகுத்தாய். “நல்லா வாசிச்சுப் பாருங்க. ஏழா இருக்கப் போகுது.”

“எழுத்த வயசான பெறகு படிச்சேன்னா எண்ணு கூடவா தெரியாது? எட்டுதான். நீ தண்ணி பிடிக்கப் போன நேரம் பாத்து இவ எறங்கி நடந்துருக்கா.”

“நான் நடக்கலப்பா” என்றாள் ஈசு. வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம்.

“அப்ப எப்படி விழுது? அந்த மெசினுக்கு உன் மேல என்ன கோவம்? உன் கூடப் படிச்சதா? வரப்புச் சண்டையா?”

“எனக்குத் தெரியல. நடக்கல. அவ்வளவுதான்.”

நான் அவளை நம்பவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். ஆறாவது சிவப்பு வந்தபோது அவள் செருப்பை எடுத்துப் பரணில் போட்டேன். ஏழாவது வந்தபோது கிட்டங்கிப் புத்தியைக் காட்டினேன். மூட்டையை யாரும் பிரித்தார்களா என்று கண்டுபிடிக்க வாய் தைக்கும் நூலில் ஒரு முடிச்சு போடுவோம். அதே மாதிரி அவள் கால் கொலுசில் நூல் கோத்துக் கட்டில் காலோடு முடிந்தேன். நூல் ஒரு நாளும் அறுபடவில்லை. அப்படியும் எட்டு வந்தது. அவிழ்த்துக் கட்டியிருப்பாள், அம்மாக்காரி உடந்தை என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற அன்று மட்டும் அந்த நூலை நானே அவிழ்ப்பேன் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

ஈசுவுக்கு ஒன்பது வயதில் சிறுநீரகத்தில் கோளாறு வந்தது. முகமெல்லாம் வீங்கியது. மாத்திரை கொடுத்தார்கள், இரண்டரை வருசம். சிறுநீரகம் பிழைத்தது. ஆனால் அந்த மாத்திரை இடுப்பு எலும்புக்குப் போகிற ரத்தத்தை அடைத்துவிட்டது. நொண்ட ஆரம்பித்தாள். மாவட்டத் தலைநகரிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிற எலும்பு மருந்து மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் நவநீதம் அம்மா படம் போட்டுக் காட்டினார்.

“தொடை எலும்போட உச்சியில ஒரு பந்து இருக்கு பாருங்க. அதுல ஒரு பக்கம் செத்துப் போச்சு.”

“எலும்பு சாகுமா?”

“சாகும். செத்த எலும்ப உடம்பே அரிச்சு எடுத்துட்டுப் புதுசு கட்டும். சிக்கல் என்னன்னா, அரிக்கிறது வேகமா நடக்கும், கட்டுறது மெதுவா நடக்கும். நடுவுல இருக்குற காலத்துல பந்து உளுத்த மரம் மாதிரி இருக்கும். அப்ப பாரம் ஏறுச்சுன்னா நசுங்கிடும். நசுங்குனா வாழ்நாளுக்கும் நொண்டிதான். இந்த வயசுல செயற்கை மூட்டு வச்சாலும் அது தேஞ்சு தேஞ்சு ரெண்டு மூணு தடவ மாத்தணும்.”

“அப்ப இந்த ஊசி?”

“அரிக்கிறத நிறுத்தி வைக்கும். கட்டுறவனுக்கு நேரம் வாங்கிக் கொடுக்கும்.”

எனக்குப் புரிந்தது. சுவரை மாற்றிக் கட்டும்போது கூரை இறங்காமல் இருக்க முட்டுக் கொடுப்போமே, அது. நாங்கள் அதை முட்டு மருந்து என்றே சொல்லப் பழகிவிட்டோம். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, வியாழக்கிழமைகளில், இரண்டு வருசம். விலை கொடுத்து வாங்க முடியாத மருந்து. அரசாங்கமும் ஒரு கம்பெனியும் சேர்ந்து இலவசமாகக் கொடுத்தார்கள்.

மருந்தோடு பாரத்தை அளக்கிற ஒரு மணியும் வந்தது. அரிசி அளவுதான். முதல் ஊசி போடும்போதே எலும்புக்குள் வைத்துவிட்டார்கள். பேட்டரி கிடையாது. எலும்பில் அழுத்தம் விழுந்தால் அந்த அழுத்தத்திலேயே உயிர் வந்து பேசும், வீட்டில் இருந்தாலும் போன் வழியாக மையத்துக்குப் போய்விடும்; அழுத்தம் இல்லாவிட்டால் தூங்கும். பேசாத மணிதான் நல்ல மணி என்றார் டாக்டர். கக்கூஸ் நாற்காலிக்கு எழுந்து உட்காருகிற அளவுக்குப் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் ஒரு சிவப்பு. ஒன்பது சிவப்பு விழுந்த பிள்ளைக்கு மருந்தை நிறுத்திவிட்டு அடுத்து காத்திருக்கிற பிள்ளைக்குக் கொடுப்பார்கள். பேச்சைக் கேட்காத பிள்ளைக்கு மருந்து வீண் என்பது சட்டம்.

“பாரம் கூடாது. ஓய்வு வேணும்” என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

இந்த இடத்தில்தான் நான் ஒரு தப்புச் செய்தேன். சுமை தூக்குகிறவன் மட்டும்தான் இந்தத் தப்பைச் செய்வான். எங்கள் தொழிலில் நிற்பதுதான் ஓய்வு. முதுகில் மூட்டையோடு உட்கார முடியாது. உட்கார்ந்தால் எழும்பும்போது முட்டியும் இடுப்பும் கழன்றுவிடும். அதனால் லாரிப் பலகையில் மூட்டையைச் சாய்த்து நின்றபடியே மூச்சு வாங்குவோம். பீடி குடிப்பதும் நின்றுதான், டீ குடிப்பதும் நின்றுதான். புதிதாக வருகிறவனுக்கு முதலில் சொல்வது, ‘உக்காராதடா, நில்லு’ என்பதுதான். பாரம் என்று டாக்டர் சொன்னது எனக்குத் தூக்குகிற பாரமாக மட்டும் கேட்டது.

அந்த வியாழக்கிழமையும் முதல் பஸ் ஏறி ஏழரைக்கு மையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சக்கர நாற்காலியை வெளியே விட வேண்டும். உள்ளே இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவில் ஒரு ஆள் அகல வரிசை. அந்தக் குழாய்கள் மணி பேசுவதைக் கேட்கும். கால் மணி நேரத்துக்குள் ஒரு தடவை, எப்போது என்று சொல்லாமல் கேட்கும். மணி பேசினால் திரையில் பிள்ளையின் பெயர் பச்சையாகும். பேசாவிட்டால் பெயர் கடைசிக்குப் போய்விடும். முன்பெல்லாம் செருப்பை வைத்து இடம் பிடித்தார்களாம். பிள்ளை பெயரில் மருந்தை வாங்கி வசதியான கிழவர்களுக்கு விற்றார்களாம். அதைத் தடுக்கப் போட்ட குழாய். பிள்ளை நேரில் வந்ததற்கு எலும்பே சாட்சி.

ஆரம்பத்தில் ஒரு தடவை ஈசுவை நான் தோளில் தூக்கிக்கொண்டு நின்றேன். காவலாளி ஓடி வந்தார்.

“அண்ணாச்சி, பாப்பாவ எறக்கி விடுங்க. மணி பேசல.”

“கால் வலிக்குதுங்குறா.”

“எடது கால நல்லா ஊன்றச் சொல்லுங்க. ரெண்டு நிமிசம் ஊன்றுனா போதும்னு நெனைக்காதீங்க, குழா எப்ப கேக்கும்னு எனக்கே தெரியாது.”

அதிலிருந்து நிற்க வைத்தே பழக்கிவிட்டேன். எட்டு மணிக்கு நின்றால் ஊசி போட பன்னிரண்டு ஆகும். கூட நிற்கிற பிள்ளைகள் நாற்பது பேர், எல்லாருக்கும் இதே வியாதி. எங்களுக்கு முன்னால் அருப்புக்கோட்டை சைதூன் பீவி, அவர் மகன் ரியாஸ். பதினான்கு வயது, நாக்கு நீளம்.

“என்ன ஈசு, எட்டாமே? ஒன்பது போட்டுட்டா கப்பு தருவாங்களாம்” என்றான்.

“உனக்கு எத்தன?”

“ஏழு. நீதான் கிளாஸ் ஃபர்ஸ்ட்.”

“வாய மூடுடா” என்றார் சைதூன் பீவி. “அண்ணே, நானும் இவன அடிச்சுப் பாத்துட்டேன். படுத்த படுக்கையாத்தான் கெடக்கான். எப்படித்தான் விழுதோ அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.”

பத்து மணிக்கு ஈசு குழாயைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்காரப் பார்த்தாள். உதட்டைக் கடித்திருந்தாள்.

“உக்காராத” என்றேன். “உக்காந்து எந்திரிக்கும்போதுதான் இடுப்புல பாரம் ஏறும். நில்லு, அதான் ஓய்வு.”

அவள் நின்றாள். என் பேச்சைக் கேட்டு நின்றாள்.

ஊசி முடிந்து அலுவலர் அறைக்குப் போனோம். அலுவலர் பெயர் தீபன். சின்ன வயசுதான், மரியாதையாகவே பேசினார். ஈசுவை நாற்காலியில் உட்கார வைத்தார். மேசைமேல் திரையைத் திருப்பினார்.

“நான் மிரட்டுறதுக்குக் கூப்பிடலங்க. பாப்பாவுக்குப் புரியணும். இவ நடக்குற ஒவ்வொரு அடியும் இன்னொரு பிள்ளையோட மருந்த வீணாக்குது.”

“நான் நடக்கல சார்” என்றாள் ஈசு.

“எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. மணி பொய் சொல்லாதும்மா.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, என் சட்டைப் பையில் போன் கத்தியது. செய்தி வழக்கமாக ஐந்தாறு நாள் கழித்துத்தான் வரும். எச்சரிக்கையில் இருக்கிற பிள்ளைக்கு மட்டும் உடனே வருமாம், அதைப் பிறகு சொன்னார்கள். எடுத்து விரல் வைத்து வாசித்தேன். ஒன்பதாவது சிவப்பு. மருந்து நிறுத்தப்படுகிறது.

தீபன் திரையிலும் அதே விழுந்திருந்தது. முகம் சுருங்கியது. “பாத்தீங்களா, இன்னைக்கும்” என்றார்.

“இன்னைக்கா?” என்றேன். “இன்னைக்கு எப்ப?”

“காலைல எட்டு அஞ்சுலருந்து பதினொண்ணு அம்பது வரைக்கும். தொடர் பாரம்.”

நான் ஈசுவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

“சார், மத்த எட்டும் என்னைக்கு விழுந்ததுன்னு சொல்லுங்க.”

“அதெல்லாம் பயனாளிக்குக் காட்டுறது இல்ல.”

“காட்டுங்க.”

என் குரல் எப்படி இருந்ததோ, காட்டினார். ஊசி அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். ஒவ்வொரு தேதியாக விரலை நகர்த்தினேன். எட்டும் வியாழக்கிழமை. எட்டும் ஊசி போட்ட நாள். எட்டும் காலை எட்டு மணிக்குத் தொடங்கி மதியத்துக்குள் முடிந்தவை. ஊசி போட்ட நாட்களில் சிவப்பு விழாதவை மூன்று மட்டும்தான். அந்த மூன்று நாளும் மழை. கூட்டம் இல்லை, சீக்கிரம் முடிந்துவிட்டது.

“என் மக நடந்தான்னு சொன்னீங்களே சார். உங்க வாசல்ல நின்னா. நாலு மணி நேரம் ஒத்தக் கால ஊன்றி நிக்கலைன்னா மருந்து இல்லேங்குறீங்க. நின்னா பாரம் சுமந்துட்டான்னு மருந்த நிறுத்துறீங்க. பெறகு அவ என்னதான் செய்யணும்? பறக்கணுமா?”

தீபன் திரையைத் தன் பக்கம் திருப்பினார். தேதிகளை மறுபடி பார்த்தார்.

“எட்டு மாசமா இந்தப் புள்ளைய நான் அடிக்காத குறை சார். செருப்ப ஒளிச்சு வச்சேன். கட்டில்ல கட்டிப் போட்டேன். உங்க மணி பொய் சொல்லாதுன்னு நம்பி, வயித்துல பெறந்தத நம்பாமப் போனேன். இத எந்தக் கணக்குல சார் எழுதுவீங்க?”

“நாங்க இப்படி யோசிக்கல” என்றார். உண்மையைத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்ட எண்ணம் உள்ளவனாக இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம். யோசிக்கவே இல்லை என்பவனை எங்கே பிடிப்பது?

“நிறுத்தாதீங்க. வரிசைய எடுங்க. ஊசி போடும்போது ஒரே ஒரு தடவ நின்னு மணிய பேச வைக்கட்டும். போதாதா?”

“மேல எழுதுறேன். நிறுத்தாம வைக்கிறது என் பொறுப்பு.”

எழுதினார். பத்தே நாளில் பதில் வந்தது. ‘மைய எல்லைக்குள் பதிவாகும் பாரம் இனிமேல் சிவப்பாகக் கொள்ளப்படாது. முந்தைய சிவப்புகள் நீக்கப்படுகின்றன.’ ஈசுவின் பெயருக்கு நேரே சிவப்பு ஒன்றுகூட இல்லை. சைதூன் பீவி போன் பண்ணி அழுதார். அழகுத்தாய் கேசரி கிண்டித் தெரு முழுக்கக் கொடுத்தாள். சுமை தூக்குகிறவர்கள் சங்கத்தில் எனக்குத் துண்டு போர்த்தினார்கள். சோலையப்பன் ஒத்த ஆளாப் போய்ச் சட்டத்த மாத்திட்டு வந்துட்டான் என்று பேச்சு.

அடுத்த வியாழக்கிழமை போனால் குழாய் அதே இடத்தில் இருந்தது. வரிசையும் இருந்தது.

தீபனைத் தேடிப் போய்க் கேட்டேன்.

“குழாய் கட்டடத் துறைங்க. மணியும் திரையும்தான் எங்க துறை. எங்க பக்கம் ஒரு நாள்ல மாத்திட்டோம். குழாய மாத்த டெண்டர் விடணும். ஒன்றரை வருசமாவது ஆகும்.”

“அதுவரைக்கும்?”

“அதான் சிவப்பு விழாதே. கவலப்படாம நில்லுங்க.”

அன்று ஈசு நின்றாள். அதற்கடுத்த மூன்றாம் வாரமும் நின்றாள். இந்தத் தடவை நான் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தால் திரையில் பெயர் கடைசிக்குப் போயிற்று. நாற்பது பேருக்குப் பிறகு என்றால் மருந்து அறையை மூடிவிடுவார்கள். எழுந்து நின்றாள்.

“அப்பா” என்றாள், குழாயில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு. “சிவப்பு விழாதுன்னா காலு வலிக்காதுன்னு அந்த சாருக்கு யாரு சொன்னா?”

ரியாஸ் அன்றைக்கு ஜோக் அடிக்கவில்லை. அவனுக்கு இரண்டு பக்க இடுப்பும் நசுங்கிவிட்டிருந்தது.

பத்தாவது மாசம் பெரிய படம் எடுத்தார்கள். டாக்டர் நவநீதம் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மேல் பக்கம் தட்டையாயிடுச்சு” என்றார் கடைசியில். “முழுசா இல்ல. பாதிக்கு மேல இன்னும் உருண்டையாத்தான் இருக்கு. இனிமே பாரம் ஏறாம, மருந்தும் தொடர்ந்தா அந்தப் பாதியக் காப்பாத்தலாம்.”

“தொடர்ந்தான்னா? நிறுத்துறாங்களா?”

டாக்டர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். தமிழில்தான் இருந்தது. நான் மெதுவாக வாசித்து முடிக்கும்வரை காத்திருந்தார். ‘இம்மையத்தின் நாற்பத்தோரு பயனாளிகளும் விதிகளை முழுமையாகக் கடைப்பிடித்துள்ளனர். சிவப்பு எதுவும் இல்லை. இருந்தும் முப்பத்திரண்டு பேருக்கு மூட்டு தட்டையாகியுள்ளது. எனவே இப்பகுதிப் பிள்ளைகளின் எலும்புக்கு இம்மருந்து ஒத்துக்கொள்ளவில்லை எனக் கருதி, மாத இறுதியில் மருந்து வேறு மாநிலத்துக்கு மாற்றப்படும்.’

“எங்க புள்ளைக எலும்பு மட்டும் என்ன, வேற மண்ணுலயா செஞ்சது?” என்றேன். “மருந்தக் குத்துற கையே காலயும் ஒடச்சிருக்கு. உங்களுக்குத் தெரியாதா டாக்டர்?”

“என் அறை மாடியில. நான் பின் வாசல் வழியா வர்றேன்” என்றார். “ஒரு நாள்கூட அந்த வரிசைய நான் பாக்கல, சோலையப்பன். மன்னிப்புக் கேக்கக்கூட எனக்கு வாய் இல்ல.”

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“ஒண்ணு சொல்றேன். சிவப்ப அவங்க அழிக்கல, மறைச்சுத்தான் வச்சிருக்காங்க. மைய எல்லைக்குள்ள விழுந்தத மட்டும் மறைக்கணும்னா எது எங்க விழுந்ததுன்னு மெசினுக்குத் தெரியணும். அதனால பழசு, புதுசு ஒவ்வொண்ணுலயும் இடத்தக் குறிச்சு, அதுக்கப்புறந்தான் மறைச்சாங்க. என் பிள்ளையோட பதிவ முழுசாத் திருப்பிப் போடுன்னு கேக்குற உரிமை பெத்தவங்களுக்கு உண்டு. யாரும் கேட்டதில்ல. யாரு கேப்பா?”

“போட்டா?”

“ஒன்பதத் தொட்டிருந்தா மருந்து தானா நின்னுடும். அது சட்டம், யாரும் தடுக்க முடியாது. பேசாம இருந்தா மாசக் கடைசி வரைக்கும் ஒரு ஊசியாவது கிடைக்கும்.”

வீட்டுக்கு வந்து மனு எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. எந்தச் சிவப்பை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டேனோ அதையே திருப்பிக் கேட்டு எழுத வேண்டும். கேட்டால் என் மகளின் அடுத்த ஊசியை என் கையாலேயே நிறுத்துகிறேன். கேட்காவிட்டால் மருந்தின் மேலும் பிள்ளைகள் எலும்பின் மேலும் பழி போட்டுவிட்டு எல்லாரும் போய்விடுவார்கள்.

ஈசு கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். நான் சொல்லச் சொல்ல அவளுக்குக் கோபம்தான் வந்தது, அழுகை வரவில்லை.

“எத்தனன்னு எழுதுன?”

“ஒன்பது.”

“பதினொண்ணு.”

“பாப்பா, அந்த ரெண்டும் சட்டம் மாறுனதுக்கப்புறம் நின்னது. அத யாரும் எண்ணல.”

“நான் எண்ணுனேன். பதினொண்ணு எழுதுப்பா. ஒரு ஊசிக்காக எலும்பு சரியில்லாத புள்ளைன்னு பேரு வாங்க முடியாது. என் எலும்பு சரியாத்தான் இருந்துச்சு.”

எழுதினேன். என் எழுத்து கோணல், அது அவளுக்கும் தெரியும். ‘என் மகளின் பதினோரு சிவப்பையும் இடத்தோடு திருப்பித் தரவும்.’ அதைப் படம் பிடித்துச் சைதூன் பீவிக்கு அனுப்பினேன். அவர் அங்கிருந்து மற்றவர்களுக்கு அனுப்பினார். சிலர் போன் பண்ணிக் கத்தினார்கள். எம் புள்ளைக்கு இன்னும் ஒரு ஊசி இருக்கு, அதையும் கெடுக்கப் பாக்குறியா என்று ஒரு தகப்பன் கேட்டார். இரண்டு நாள் கழித்து அவரே தன் மனுவையும் சேர்க்கச் சொன்னார்; வியாழக்கிழமைக்குள் எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை யாரும் குழாய்க்குள் போகவில்லை. நாற்பத்தோரு பிள்ளைகளும் வெளியே வண்டிகளிலும் ஆட்டோக்களிலும் படுத்திருந்தார்கள். சைதூன் பீவி ரியாஸைப் பாயோடு தூக்கி வந்திருந்தார். திரையில் பெயர்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கடைசிக்குப் போய், கடைசி என்பதே இல்லாமல் போயிற்று. காவலாளி குழாயைத் தட்டிப் பார்த்தார், கெட்டுவிட்டது என்று நினைத்து.

தீபன் வாசலுக்கு வந்தார். கையில் பலகை போன்ற திரையும், பின்னால் அவருடைய மேலதிகாரியும்.

“நாற்பத்தோரு மனு” என்றார் மேலதிகாரி. “சிவப்ப எடுக்கச் சொல்லித்தான் இதுவரைக்கும் மனு வந்திருக்கு. திருப்பிக் கேட்டு வர்றது இதான் முதல். விளைவு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும் சார். எழுதித்தான கொடுத்துருக்கோம்.”

“நல்லா யோசிச்சீங்களா?”

“நாங்க யோசிச்சுட்டோம்” என்றார் சைதூன் பீவி. “இந்தத் தடவ நீங்க யோசிக்க வேண்டாம். பட்டன அமுக்குங்க.”

தீபன் மேலதிகாரியைப் பார்க்கவில்லை. அமுக்கினார்.

முதலில் என் போன் கத்தியது. பிறகு பக்கத்தில் ஒன்று, பின்னால் ஒன்று, பிறகு வாசல் முழுக்க நாற்பத்தோரு போன்களும். ஈசு கையை நீட்டினாள். அவளிடம் கொடுத்தேன். சத்தமாக வாசித்தாள்.

“மாரீஸ்வரி. மருந்து நிறுத்தப்படுகிறது. காரணம், தொடர் பாரம். பதினொரு முறை. இடம்...” நிறுத்தி மூச்சு வாங்கினாள். “இடம், எலும்பு மருந்து மையம், நுழைவு வரிசை.”

ஆட்டோவுக்குள்ளிருந்து ரியாஸ் அவனுடையதை வாசித்தான். அதே இடம். இன்னொரு பிள்ளை வாசித்தது. அதே இடம். தேதிகளும் வந்திருந்தன. நாற்பத்தோரு பிள்ளைக்கும் ஒரே கிழமை, ஒரே நேரம்.

மேலதிகாரி தீபன் கையிலிருந்து திரையை வாங்கிப் பார்த்தார். அதில் சிவப்பு மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. அவர் விரலால் தள்ளத் தள்ள அது முடியவே இல்லை.

“உள்ள வாங்க, உக்காந்து பேசலாம்” என்றார்.

உள்ளே போக வழி அந்தக் குழாய்தான். நான் போகவில்லை. மனுவின் நகலை நீட்டினேன்.

“பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க சார். இடத்தையும் எழுதுங்க. நின்னுக்கிட்டே போடலாம், ஒண்ணும் ஆகாது.”